ஆற்றைவிட நீளமான படகு

திமிரெடுத்து வேலையை விட்டான் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார்களே, அவர்களில் ஒருத்தராவது அந்தப் படகில் உட்கார்ந்து பார்த்ததுண்டா? துடுப்பைத் தொடாமல் சம்பளம் வாங்கினான், வாஸ்தவம்தான். தொட்டுத்தான் எங்கே போவது?

அந்தப் படகுக்காரன் வேலைக்குச் சேர்ந்தபோது அக்கரை போய்ச் சேரப் பதினோரு நிமிடம் ஆகும். அப்புறம் இக்கரையில் கிடங்கு கட்ட மண் கொட்டினார்கள். நாங்கள் மட்டும் இளப்பமா என்று அக்கரைக்காரர்கள் கடைவளாகம் கட்டக் கொட்டினார்கள். நடுவில் சாயப்பட்டறைத் தண்ணீர் திங்கட்கிழமை நீலம், செவ்வாய்க்கிழமை சிவப்பு என்று ஊர்ந்தது. ஒரு காலையில் கயிற்றை அவிழ்க்கப் போனால் படகின் மூக்கு அக்கரையில் கிடக்கிறது, வால் இக்கரையில் கிடக்கிறது.

ஆபீஸில் போய்ச் சொன்னான். அட்டவணைப்படி பயணம் பதினோரு நிமிடம், அதற்கு முன்னால் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அப்பிராணி, என்ன செய்வான்? வேலையோடு வந்ததுதான் அவன் குடியிருந்த கரையோர வீடு. கல்யாண வயசில் மகள் வேறு இருந்தாள். விசில் ஊதினான், ஆளுக்கொரு மிதவைச் சட்டை மாட்டினான், வரிசையாக உட்கார வைத்தான்.

"தம்பி, நான் பாட்டுக்கு நடந்து எறங்கிக்கிறேனே," என்பாள் மீன்காரி.

"சும்மா உக்காருக்கா. இப்பதான் நடு ஆத்துக்கு வந்திருக்கோம்."

"எங்க வந்தோம்? ஏறின எடத்துலதான்யா இருக்கோம்."

நேரம் முடிந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். அவன் நோட்டில் 'படகு ஓடியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான்.

வருஷங்கள் இப்படியே போயின. ஒருநாள் ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். வாயெல்லாம் பல்.

"உங்க நோட்டு இல்லன்னா எங்களுக்கு ஒண்ணும் நடந்திருக்காதுய்யா. தினம் படகு ஓடுதுன்னா ஆறு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? அதைக் காட்டித்தான் மண்ணு கொட்ட அனுமதியே வாங்கினோம். மிச்சத்தையும் மூடணும். இந்த மாசமும் எழுதிக் குடுத்துடுங்க."

"மூடிட்டா படகு எங்க சார் ஓடும்?"

"அது பாட்டுக்கு ஓடும்."

 படகுக்காரன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். மகள் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம்.

"வேலை போனா வீடும் போயிடும். வாயும் வயிறுமா இருக்கறவளை எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள் அவள்.

"ஆத்தை மூடினது மண்ணு இல்லடி. என் கையெழுத்து."

அவள் எழுந்து போனாள். அலமாரிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிவைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் அவன் நோட்டில் 'படகு ஓடவில்லை. பல வருஷமாக ஓடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த நாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது. கூடவே அதிகாரியும் வந்தார்.

"ஒரு வார்த்தைதான்யா. அடிச்சிட்டுத் திருத்திடுங்க, நான் தாளைக் கிழிச்சுடறேன்."

"நீங்க ஒருதரம் படகுல ஏறி ஓட்டிக் காட்டுங்க சார். திருத்தறேன்."

அதிகாரி படகைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். படகுக்காரன் வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மகளின் கை, பின்னால் பாத்திர மூட்டையோடு மனைவி. படி இறங்கிப் போனான்.