அப்பா நடத்திய அமெரிக்க இலக்கியப் பரீட்சை

என் அப்பா மருதமுத்து மலாக்காவில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பியூன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் அந்தப் பள்ளியின் சட்டதிட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைமையாசிரியையான அமெரிக்க மிஸ் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. இப்படி ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தியதற்கு அம்மாவுக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும்.

நான் கடைசி வகுப்பில் இருந்தேன். மிஸ் தன் நாட்டு இலக்கியத்தில் தனியாக ஒரு பரீட்சை வைப்பார். அதில் தேறுகிறவளுக்கு அங்கேயே பயிற்சி ஆசிரியை வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும், வேறெதுவும் வேண்டாம். அம்மாவோ பதினேழு முடிந்துவிட்டது என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தாள். விஷயம் தெரிந்த மிஸ் அப்பாவைக் கூப்பிட்டு, கமலவேணி பரீட்சை எழுதும் வரை கல்யாணப் பேச்சே கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 1941 டிசம்பரில், ஜப்பான்காரன் சண்டையை ஆரம்பித்தான். பள்ளியை மூடினார்கள். மிஸ் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது, அரக்கு முத்திரை வைத்த வினாத்தாள் கட்டை அப்பாவிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாராம். ஊரே நகையைப் புதைத்துக்கொண்டிருந்தபோது அப்பா இதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காஜா பெராங் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும், அமெரிக்கப் புத்தகம் வீட்டிலிருந்தால் அவனுடைய ராணுவப் போலீஸ் பிடித்துப்போகும் என்று அம்மா என் புத்தகங்களை அடுப்பில் வைத்தாள். குறிப்பு நோட்டு ஒன்றுதான் மிஞ்சியது. வினாத்தாள் கட்டைத் தொட மட்டும் அப்பா விடவில்லை. தகரப்பெட்டியின் அடியில் தன் வேட்டிக்குள் சுற்றி வைத்துக்கொண்டார்.

பட்டாளத்துக்குப் பயந்து, வயது வந்த பெண்களுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தாலி கட்டிய காலம் அது. என்னைப் பெண் கேட்டுக் கலியாணசுந்தரம் என்ற மாப்பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தார்கள். பண்டார் ஹிலிரில் ஜப்பானியர் அலுவலகத்தில் அவர் கிளார்க். பரீட்சை முடியட்டும் என்றார் அப்பா. எந்தப் பரீட்சை, யார் வைக்கிற பரீட்சை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வினாத்தாள் வீட்டில் இருக்கிறது, எழுதுகிறவளும் வீட்டில் இருக்கிறாள், அவள் படித்து முடித்ததும் நானே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அதிலிருந்து மாதம் பிறந்தால் ஒரு கேள்வி கேட்பார். "படிச்சு முடிச்சாச்சாம்மா?" நானும் இன்னும் இல்லை என்பேன்.

அது பொய். மூன்று மாதத்திலேயே முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சும்மா. கிழங்கு வேகும்வரை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பனி விழும் ஊர்களையும் ஆப்பிள் தோட்டங்களையும் பற்றிய வரிகளை முணுமுணுப்பேன். முன்பெல்லாம் ஒரு கவிதையைச் சொன்னால் உடம்பு சிலிர்க்கும். இப்போது வாய்தான் அசைந்தது. அடுத்த தெருவில் ஒருவரை இழுத்துப் போனார்கள் என்று கேட்டபோதும் அப்படித்தான், பக்கத்தைத் திருப்பினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அப்பா வெளியே போகும்போது அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்காததற்கு நேர்மை காரணமில்லை. கேள்வி தெரிந்துவிட்டால் பரீட்சை முடிந்த மாதிரி ஆகிவிடும், அதுதான் பயம்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓட்டினேன். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா பேரு லிஸ்ட்ல இருக்காம். அந்தக் கலியாணசுந்தரம் கையிலதான் லிஸ்ட் இருக்கு. மாமனாரா ஆயிட்டா பேர எடுத்துடலாமாம்."

கோபம் வரவேண்டும். வரவில்லை. பயம்கூட வரவில்லை. அன்று மாலை அப்பாவிடம் போய், படித்து முடித்துவிட்டேன் என்றேன். இன்னும் ஒரு மாதம் படிக்கலாமே என்றார் அவர். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை கதவைச் சாத்தி, சமையல்கட்டு மேசையைத் துடைத்துப் போட்டார். ஜப்பான்காரன் உத்தரவுப்படி ஊரெல்லாம் டோக்கியோ நேரத்தில் நடந்தது. அப்பா டைம்பீஸை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பி, பழைய பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்பது மணி வைத்தார். அரக்கை உடைத்தார். தாளைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டார், நான் நேராக்கிக்கொண்டேன். அம்மாவை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்து கேள்விகள். ஐந்தும் தெரியும். அதுதான் என்னை என்னவோ செய்தது. சண்டை வராமல் அந்த டிசம்பரிலேயே எழுதியிருந்தால் தேறியிருப்பேன், இந்நேரம் வகுப்பில் நின்றுகொண்டிருப்பேன். ஒன்றரை வருடத்தில் எனக்கு வலித்தது அந்த ஒரு நிமிடம்தான். பிறகு எழுத ஆரம்பித்தேன்.

ஐந்தாவது பதிலில் பாதி எழுதியபோது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மூன்று மணி நேரம் ஆனால் பாதி வார்த்தையில் தாளைப் பிடுங்குகிறவர் என்று பள்ளியில் அப்பாவை எல்லாப் பெண்களும் திட்டுவார்கள். இப்போது அவர் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டே கால் ஆயிற்று. நான் கடைசி வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எழுதும்மா," என்றார்.

"முடிச்சிட்டேம்பா. நேரமும் ஆச்சு."

"லிஸ்ட் விஷயம் எனக்கும் தெரியும். நீ எப்பவோ படிச்சு முடிச்சதும் தெரியும்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ எழுதிக்கிட்டு இருக்கிற வரைக்கும் பரீட்சை முடியல. வாக்கு அப்படித்தான். நாளைக்கும் எழுது, அடுத்த மாசமும் எழுது. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

வெள்ளைத் தாள் இன்னும் நிறைய இருந்தது. நான் பேனாவை மூடி, எழுதிய தாள்களை வரிசையாக அடுக்கி அவர் மடியில் வைத்தேன். அப்பா வாங்கிக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நானே கதவைத் திறந்து, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்பச் சொன்னேன் அம்மாவிடம்.