சலாக் பழத்தைத் தின்னாதவர்

எண்பதுகளில், பிரிக்ஃபீல்ட்ஸில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் அவர். ஒல்லியானவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சலாக் பழம் இருக்கும். தின்னமாட்டார், பாம்புச் செதில் போன்ற அதன் தோலைத் தடவியபடியே வரைவார்.

பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேற்குச் சுவருக்கு, அந்தச் செதில்களைப் போலவே ஒன்றன்மேல் ஒன்றாக நிழல் தகடுகள் வரைந்திருந்தார். வெயில் தடைபடும், காற்று நுழையும். வாடிக்கையாளருக்கு முழுக்கக் கண்ணாடிதான் வேண்டும், எல்லாவற்றையும் எடு என்றார் முதலாளி.

டிரேசிங் தாளில் மையால் போட்ட கோட்டை பிளேடால் சுரண்டித்தான் அழிக்க வேண்டும். அவர் பிளேடை என்னிடம் நீட்டினார்.

“நீங்க சுரண்டுங்கண்ணே. எனக்குக் கை வரல.”

“ஏர்கோன் போட்டுக்குவாங்க லா, விடுங்க.”

“வெயில் அதுக்கும் மேல அடிக்கும்ணே.”

நான் சுரண்டினேன். அந்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார்.

இன்று அந்த மேற்குக் கண்ணாடி முழுவதும், வெக்கை தாங்காமல் உள்ளே இருப்பவர்கள் பழைய செய்தித்தாள்களை ஒட்டியிருக்கிறார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவரைக் கண்டால் இதைச் சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.