பனி தோண்டிய ஏரி

அப்போது நான் மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, ஒரு கோடையில், வயதான வெள்ளைக்காரர் ஒருவரை மலேரியாக் காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். இளவயதில் கப்பலில் போய்த் தூரத்துத் தீவுகளை அளந்து படம் போட்டவர். சொந்தமென்று யாரும் பார்க்க வரவில்லை.

காய்ச்சல் ஏறினால் அவர் வாயில் ஒரே வார்த்தைதான். வார்டு ஆயா கொள்ளேகால் பக்கத்துக்காரி. "என்னமோ லேக்கு, லேக்குங்கறாரே, என்னதுங்க சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"ஏரி, ஆயா."

"நம்ம ஊரு ஏரி, குக்கரஹள்ளிக் கெரெயைச் சொல்றாரோ என்னமோங்க, பாவம்."

காய்ச்சல் தணிந்திருந்த ஒரு மத்தியானம் அவரிடமே கேட்டேன். தலைக்கு வைத்திருந்த பனிக்கட்டியை எடுத்து, தட்டில் ஆறி இறுகிப்போன கூழின் மேல் வைத்து அழுத்தித் தள்ளினார்.

"ஐயோ, சாப்படற கூழுங்க!" என்றாள் ஆயா.

பனிக்கட்டி போன வழியில் பள்ளம் விழுந்தது. முன்னால் கூழ் கரைபோல் குவிந்தது. மலையிலிருந்து இறங்கும் பனி இப்படித்தான் பாறையைச் சுரண்டி, கற்களை முன்னால் கரையாகக் குவித்துக்கொண்டு வருமாம். பிறகு பனி பின்வாங்க, உருகிய நீர் கற்கரைக்குப் பின்னே தேங்கி ஏரியாகிவிட்டதாம். உலகத்தின் தென்கோடியில் ஆள் குடியில்லாத தீவு. இரு பக்கமும் செங்குத்துப் பாறை, தலைமாட்டில் பனிச்சுவர், கற்கரைக்கு அப்பால் கடல். பனி அரைத்த பாறைமாவு கலந்து தண்ணீர் அரிசி களைந்த நீர்போல இருக்குமாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல ஆயா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இவருக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க."

எனக்குத் தோன்றாத கேள்வி. கேட்டேன்.

ஆழம் பார்க்க நண்பனோடு படகில் போயிருக்கிறார். பனிச்சுவர் இடிந்து விழுந்து, அலை எழும்பி, படகு கவிழ்ந்தது. இவர் கற்கரையில் ஒதுங்கினார். நண்பன் கிடைக்கவில்லை. "கப்பலில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டான் என்று அவன் தங்கையிடம் சொன்னேன். அந்தக் குளிரில் விட்டுவந்ததைச் சொல்ல வாய் வரவில்லை."

"அந்தம்மா இன்னும் இருக்குதுங்களா?" என்றாள் ஆயா.

நான் கேட்டதும், இருப்பதாகத் தலையசைத்தார்.

"அப்ப நேர்ல போய்ச் சொல்லச் சொல்லுங்க சிஸ்டர். கூடப் பொறந்தவன் எங்க கெடக்கறான்னு அதுக்குத் தெரிய வேண்டாமா?"

சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நாங்கள் அழவிட்டோம்.

சில வாரத்தில் எழுந்து நடந்தார். பம்பாயில் கப்பல் ஏறி அந்தத் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் இருவரும் ஜட்காவில் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"பத்தரமாப் போய்ச் சேருங்க தொரை," என்றாள் ஆயா, தமிழிலேயே. அவர் தொப்பியைக் கழற்றி, அவளுக்குத் தலை குனிந்தார்.