இடது பக்கத்துப் பின்விளக்கு

தின்னர் கலந்த பச்சைப் பெயிண்டின் வாடை சோற்றிலும் ஏறும். அந்த வாரம் முழுக்க கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் மீன் கறியும் அந்த வாடைதான். மாதா கோயில் திருநாளன்று சாமியார் வாகனங்களுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார் என்பதால், பப்பா தன் பழைய ஒஸ்டின் காருக்குத் தானே பிரஷ்ஷால் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அதை வாடகைக்கு ஓட்டித்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

பின்பக்கம் இடது சிக்னல் விளக்கைச் சுற்றியுள்ள துண்டு எனக்குப் பூசக் கிடைத்தது. எனக்கு ஒன்பது வயது. படிப்பு ஏறவில்லையே தவிர, கைவேலையில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. விளக்கின் ஓரத்தில் பழைய நிறம் கோடு போலத் தெரிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பப்பா சாப்பிடப் போன நேரம், மம்மாவின் பட்டர் கத்தியால் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, விளக்கைத் தொங்கவிட்டு, அது உட்காரும் இடம் முழுக்கத் தடிப்பாகப் பூசினேன். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கக் கூடாதென்று ஸ்க்ரூக்களையும் பெயிண்டில் தோய்த்து எடுத்துப் பழையபடி பூட்டிவிட்டேன். பப்பா வந்து பார்த்து, மெஷினால் அடித்த மாதிரி இருக்கிறது மகளே என்றார். அதைக் கேட்டபின் எப்படிச் செய்தேன் என்று சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து இடது சிக்னல் செத்துக் கிடந்தது. வலப்பக்கம் போட்டால் ‘டிக் டிக்’ என்று ஒழுங்காக மினுங்கியது. இடப்பக்கம் போட்டால் முன்விளக்கு மினுங்காமல் எரிந்தபடியே நின்றது, பின்விளக்கு எரியவே இல்லை. பப்பா பல்புகளை இடம் மாற்றிப் பார்த்தார், பல்பில் பிழையில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கி வயரை விரலால் தடவிக்கொண்டே போனார், எங்கும் அறுந்திருக்கவில்லை. கடைசியில் அந்தோனி பாஸுக்கு ஆள் அனுப்பினார். கைத்தொழில்காரரை எங்கள் பக்கம் ‘பாஸ்’ என்பார்கள், வயர் வேலை செய்கிற அவரையும் ஊரே அப்படித்தான் கூப்பிடும். அந்த விளக்குகளைப் போன மாதம் பூட்டித் தந்தவரும் அவர்தான். மூன்று வீடு தள்ளி இருந்தார், எனக்கு ஞானத்தகப்பன், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்களோடுதான்.

பாஸ் ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்திருந்தார். ஒரு வயரின் முனையைப் பின்விளக்குக்கு வரும் வயரிலும், மற்றதைப் பம்பரிலும் வைத்தார். எரிந்தது. பம்பரில் வைத்ததை எடுத்து விளக்கின் தகரக் கூட்டில் வைத்தார். அணைந்தது.

“கரண்ட் வருகுது அண்ணே. கார்த் தகரத்தால திரும்பிப் போகத்தான் வழியில்ல, ஏர்த் பிடிக்கேல்ல. விளக்கைக் கழட்டி உள்ளுக்கும் பெயிண்ட் அடிச்சீங்களோ?”

“விளக்குல கை வைக்கவே இல்ல. சுத்திவரத்தான் அடிச்சது. மாதா மேல சத்தியம்.”

பாஸ் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். பப்பாவின் முகம் மாறிவிட்டது.

“மாதா மேல சத்தியம் பண்ணின பிறகும் கழட்டிப் பாக்கப் போறியா? அப்ப நான் பொய்யன்.”

பாஸ் ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போனார். நான் பம்பருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பெயிண்ட் வழியை அடைக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தால் பப்பாவின் சத்தியம் பொய்யாகும், என் வேலையும் பிழையாகும். இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று கேட்டால், இரண்டாவதுதான்.

அடுத்த நாள் மத்தியானம் பப்பா கண்ணயர்ந்த நேரம், அதே கத்தியால் விளக்கைக் கழற்றி, உள்ளே வெறும் தகரம் தெரியும்வரை சுரண்டி, ஸ்க்ரூக்களையும் சுரண்டிப் பூட்டினேன். பின்னேரம் பப்பா போட்டுப் பார்த்தார். ‘டிக் டிக்’ என்றது. நான் நினைத்தது, எல்லாம் சரியாகிவிடும் என்று.

“பாத்தியா,” என்றார் மம்மாவிடம், “அந்தோனி லூஸாப் பூட்டியிருக்கிறான். ஆடி ஆடித் தானாச் சேந்திட்டுது. இவன் என்னைப் பொய்யனாக்கப் பாத்தவன்.”

விளக்கைத் திருத்தி, பாஸ்மேல் விழுந்த பழியை நானே உறுதியாக்கிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. திருநாளுக்குக் கார் பளபளவென்று போய்த் தீர்த்தம் வாங்கி வந்தது. என் முதல் நற்கருணையன்று பாஸ் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். செபமாலை ஒன்றை மம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட வராமல் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கோயில் வாசலில் தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறேன். அவனுடைய காரில் சிக்னல் பழுதென்றால் கண்ணாடிக்குக் கீழே எழுத்தில் வருகிறது, கராஜில் முழு விளக்கையும் மாற்றிவிடுகிறார்கள். எங்கள் கார் நின்ற முற்றத்தில் மாடிவீடு எழும்பிவிட்டது, பாஸின் வீடும் அதற்குள் போய்விட்டது. அவர் பப்பாவின் சாவுக்குப் பிறகும் ஆறு வருடம் அங்கேதான் இருந்தார். நடந்துபோய்ச் சொல்லக்கூடிய தூரம். இப்போது இரண்டு பேரும் மாதம்பிட்டிச் சவக்காலையில் அடங்கிக் கிடக்கிறார்கள்.

போன கிழமைதான் முதல்தடவையாக இதை மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, “சின்னப் பிள்ளைதானே மம்மா, விடுங்க,” என்றான். விடச் சொல்ல அவன் யார்? அதைச் சொல்லவேண்டியவர்கள் இரண்டு பேர்தான்.