தக்காளி எப்படி வருகிறது?

யாங்கோனில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆங்கிலச் செய்திகளைப் பர்மியத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது அப்போது என் வேலை. மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலம், தெருவில் பழகிய பர்மியம். வீட்டுத் தமிழுக்கு அந்த ஆபீசில் வேலையே இல்லை. வெளிநாட்டுப் பக்கம் முழுவதும் என் தலையில்தான். அதில் ஆப்கானிஸ்தான் அடிக்கடி வரும். அங்கே உட்கார்ந்திருந்த அந்நியப் படையின் பேச்சாளர் யாராவது ஒருவர், நிலைமை முன்னேறி வருகிறது என்று சொல்லியிருப்பார். நான் அதை எழுதுவேன். போகப் போக, மூலத்தைப் பார்க்காமலே அந்த வாக்கியத்தைத் தட்டும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

எரிச்சல் இல்லாமல் இல்லை. இத்தனை வருடமாக முன்னேறுகிறவர்கள் இந்நேரம் எங்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா? இதை ஆசிரியரிடம் ஒரு முறை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பக்கம் முடிந்ததா என்றார். நானும் முடித்துக் கொடுத்துவிட்டு, வீடு இருந்த இன்சீனுக்கு, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

என் தம்பி அந்தப் படையின் முகாம் ஒன்றில் சமையல்காரன். இங்கே ஓட்டலில் இருந்தவன், ஒரு ஏஜெண்ட் மூலம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனான். தெரிந்தேதான் போனான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா இன்சீன் ரயில் பட்டறைக்குக் குமாஸ்தாவாக வந்ததும் வெள்ளைக்காரன் இந்த நாட்டைப் பிடித்த பிறகுதானே. பிடித்தவன் பின்னாலேயே வந்து பிழைத்த குடும்பம் நாங்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஒளிக்கவும் ஒன்றுமில்லை.

சிம் கார்டு எல்லார் கைக்கும் வர ஆரம்பித்த காலம் அது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பி எனக்குப் போன் செய்வான். முகாம் எங்கே இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், வெளியே என்ன சத்தம் கேட்கிறது, எதையும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் நான், "இன்னிக்கு என்னடா சமைச்சே?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை.

சமையல் என்றால் அவன் வாய் மூடாது. முதல் சில மாதம் ஊர்ச் சந்தைக்கே போய்க் காய்கறி வாங்கினான். கழுதை வண்டியில் தக்காளி குவிந்திருக்குமாம். அந்த ஊர் பாஷையில் பேரம் பேசக்கூடக் கற்றுக்கொண்டான். பிறகு சந்தைக்குப் போவது நின்றது. விவசாயிகள் முகாமின் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அதுவும் நின்று, ஒரே ஒரு லாரி, முன்னும் பின்னும் துப்பாக்கி வண்டியோடு வந்தது. இரண்டாவது வருடம் தக்காளி விமானத்தில் வந்தது. வேறு ஏதோ நாட்டுத் தக்காளி, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் சுற்றி.

"தோலு ரப்பர் மாதிரி இருக்குக்கா. ரசம் வச்சா புளிப்பே ஏறல," என்று புலம்புவான். அவனுக்கு அது வெறும் ரசத்தின் கவலை. நான் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டு, இந்தப் பக்கம் நிலைமை முன்னேறி வருகிறது என்று எழுதினேன். இரண்டையும் ஒரே கையால் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. இன்னொரு இரண்டு வருடம் இருக்கச் சொன்னார்கள். "வீட்டுல சரின்னா கையெழுத்துப் போடறேன்," என்று தம்பி பொறுப்பை மனைவியின் தலையில் தள்ளிவிட்டான். அவள் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை செய்பவள். அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கையோடு, ஏஜெண்ட் வந்தார். நம்ம ஆள்தான், தமிழர். நல்லவர் போலவே பேசுவார்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். எங்கள் பத்திரிகை. வெளிநாட்டுப் பக்கம்.

"நான் சொன்னா நம்பமாட்டீங்கம்மா. பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க. நெலம நல்லா ஆயிட்டு வருது."

தம்பி மனைவி படித்தாள். தமிழ் புரியும், பேச்சும் வரும், ஆனால் படிப்பது பர்மியம்தான். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இது நீங்க எழுதினதுதானே?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் தம்பியை மறுபடி அங்கே அனுப்ப, என் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறான் மனுஷன். கூச்சம் அடங்கியதும் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

"அண்ணே, அந்த ஊர்ல தக்காளி வெளையுதா?" என்றேன்.

"வெளையாம? வண்டி வண்டியா வெளையும்."

"அப்போ ஏன் ஏரோப்ளேன்ல வருது?"

"அது... பாதுகாப்புக்குத்தான்மா."

"ரெண்டு வருஷம் முன்னாடி என் தம்பி நடந்து போயி சந்தையில வாங்கினான். அப்புறம் கேட்டுக்கு வந்துச்சு. அப்புறம் துப்பாக்கி நடுவுல லாரில வந்துச்சு. இப்போ ஆகாசத்துல வருது. நெலம நல்லா ஆயிட்டு வந்தா, தக்காளி திரும்பி கழுத வண்டிக்கு வரணுமா வேணாமா? பக்கத்து வயல்ல இருக்கற காயை வாங்க முடியாதவன் அந்த நாட்டுல என்னத்த முன்னேறினான்?"

ஏஜெண்ட் வாய் திறப்பதற்குள் தம்பி மனைவி பேசினாள். "எங்க ஃபேக்டரில ஆர்டர் கொறைஞ்சா மேனேஜர் சொல்லமாட்டாரு. ஆனா கேன்டீன்ல முட்டை நின்னுடும். முட்டை நின்ன ரெண்டாவது மாசம் ஆளக் கொறைச்சுடுவாங்க." தாளை மடித்து அவரிடம் நீட்டினாள். "அவரு திரும்பி வரட்டும்."

அவர் கோபித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா ஆளே இல்லையா? மாவ்பி சந்தையில மொகிங்கா கட வச்சிருக்கறவரு ரெடியா இருக்காரு." சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே போனார்.

வெள்ளிக்கிழமை தம்பி என்னோடு சண்டை பிடித்தான். "யுத்தத்தப் பத்தி ஒனக்கு என்னக்கா தெரியும்?"

"யுத்தம் தெரியாதுடா. தக்காளி தெரியும். அடுத்து டின்னுதான் வரும், பாத்துக்கோ."

அவன் குரலைத் தாழ்த்தி, "திங்கக்கெழமையே வந்துடுச்சுக்கா," என்றான்.

அவன் திரும்பி வந்தான். வந்த மறுநாள் காலையிலேயே இன்சீன் சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கிவந்து ரசம் வைத்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டு விற்கும் அந்த மொகிங்கா கடைக்காரர் மனதை விட்டுப் போகவில்லை. தம்பியின் இடத்துக்குத்தான் அவரைக் கூட்டிப்போகிறார்கள். உடனே மாவ்பி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் காய்ச்சல் என்று தள்ளிப்போட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது.

போனபோது கடையில் அவருடைய மனைவி மட்டும்தான் இருந்தாள். நான்கு நாள் முன்புதான் அவர் விமானம் ஏறினாராம். பயமாக இல்லையா என்று பர்மியத்தில் கேட்டேன். அவள் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே, பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினாள். அதே பக்கம்.

"அதை எழுதினது நான்தான்," என்றேன். "அது படைக்காரங்க சொன்னது. உண்மையான்னு நான் கேக்காம எழுதிட்டேன்."

அவள் என்னைப் பார்த்துக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, இனி என்ன செய்வது என்று என்னையே கேட்டாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னேன். போன் வரும்போது அவரிடம் சுகமா என்று கேட்காதே, சுகம் என்றுதான் சொல்வார். என்ன சமைத்தார், காய் எப்படி வந்தது, அதைக் கேள். என் நம்பரை அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை பேச்சாளரின் முன்னேற்றம் என் மேசைக்கு வந்தபோது, அதன் கீழே தக்காளியின் கதையையும் ஒரு பத்தி எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன்.

"சயாமா, இது மூலத்தில் இல்லையே," என்று, டீச்சரம்மாவைக் கூப்பிடும் பர்மிய மரியாதையோடு சொன்னார்.

"மூலத்தில் இல்லாததுதான் குறை. இரண்டையும் போடுங்கள். இல்லையென்றால் இரண்டையும் நான் எழுதமாட்டேன்."

அவர் மரியாதையான மனிதர், என்னை வெளியே அனுப்பவில்லை. மருத்துவக் குறிப்புப் பக்கத்துக்கு மாற்றினார். பத்திரிகை மூடும்வரை சளிக்கும் மூட்டுவலிக்கும் வைத்தியம் எழுதினேன். வெளிநாட்டுப் பக்கத்தில் வேறொருவர் முன்னேற்றத்தை எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் படை கடைசியில் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்வரை அங்கே முன்னேற்றம் இருந்துகொண்டேதான் இருந்தது.

அதற்கெல்லாம் ரொம்ப முன்பே, ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. பின்னால் சந்தை இரைச்சல். யாரென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"சயாமா, வெங்காயமும் டின்னில் வருதாம்," என்றாள். "கிளம்பி வரச் சொல்லிட்டேன்."