எங்க ரூம்ல மட்டும் ஓடுன ஸ்கிரிப்ட்

கொட்டகலையில ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ரூம்ல வேல பாக்குறது நாங்க ரெண்டு பேரு. நான் மூத்தவ. அவ வந்து ஒரு வருஷங்கூட ஆகல. நான் ஒவ்வொரு மெஷினா உக்காந்து, என் போன் டேட்டாவப் போட்டு, தமிழ்ல டைப் பண்றதுக்கு வேண்டியது மொதக்கொண்டு எல்லாத்தையும் கையாலயே ஏத்தி வச்சிருந்தேன். அவ ஒரு ஸ்கிரிப்ட் எழுதுனா. ஒத்த வரி அடிச்சா போதும், எல்லாம் தானா ஏறிக்கும்.

"பிள்ள பலே கெட்டிக்காரி"ன்னாரு பள்ளிக்கூடத்து அதிபரு. எனக்கு வயிறு எரிஞ்சது. மூணு வருஷம் கழுத்து ஒடிய உக்காந்தேனே, என்னைய ஒரு வார்த்த சொல்லியிருப்பாரா இந்த மனுசன்?

சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு நிரந்தர வேல வந்திருந்துச்சு. நோட்டன் பிரிட்ஜ் பள்ளிக்கூடத்துல அந்த ஸ்கிரிப்ட் ஓடிட்டா வேல அவளுக்குத்தான். அவளுக்குத் துணையா நான் போகணுமாம்! போனேன்.

அங்க எல்லாம் புது மெஷின். வரிய அடிச்சா. பாதி ஓடி நின்னுருச்சு. ஸ்கிரிப்ட் ஓடுறதுக்கு வேண்டிய ஏதோ ஒரு லைப்ரரி மெஷின்ல இல்லைன்னு செவப்புல எழுதுச்சு. அவ மறுபடி அடிச்சா. மறுபடியும் அதே.

எனக்குப் பார்த்த ஒடனே வெளங்கிருச்சு. எங்க ரூம்ல எல்லா மெஷின்லயும் அந்த லைப்ரரிய நான் ஏற்கனவே போட்டு வச்சிருந்தேன். அங்கயே ஓட்டிப் பார்த்ததால, ஸ்கிரிப்ட்ல அதச் சேர்க்கணும்னு அவளுக்குத் தெரியவே இல்ல. ஒரே ஒரு வரி. வாயத் தொறந்தா முடிஞ்சுது.

நான் தொறக்கல. குடுத்த பாலில்லாத பிளேன்டீய மெதுவாக் குடிச்சேன். நல்லா படட்டும்னு இருந்துச்சு. பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவ அழிச்சு அழிச்சுப் போட்டா, கண்ணெல்லாம் செவந்துருச்சு. மூணு மணிக்கு, வேலைய முடிவு பண்ற அதிகாரி வர்றாருன்னு சொன்னாங்க. அவ சாப்பிடக்கூடப் போகாம மறுபடி அதே வரிய அடிச்சதப் பார்த்ததும் எனக்கே பொறுக்கல. "தள்ளு"ன்னேன். வரியச் சேர்த்தேன். ஓடுச்சு.

அதிகாரி வந்ததும் அவ என் கையப் புடிச்சு முன்னால இழுத்தா. "அக்கா தான் சார் கண்டுபுடிச்சாங்க. எங்க ரூம்ல எல்லாத்தையும் கையால போட்டு வச்சதும் இவங்க தான். அவங்க இல்லாட்டி இன்னைக்கு ஒண்ணுமில்ல."

மூணு வருஷமா எவன் சொல்வான்னு நான் காத்திருந்த வார்த்த. அவ வாயில இருந்து வந்து தொலைக்கணுமா?

திரும்பி வர்றப்ப பஸ்ல கேட்டா, "எப்பக்கா வெளங்குச்சு ஒங்களுக்கு?"

"அப்பத்தான், சாப்பிட்டு முடிச்சு வந்து பார்த்தப்ப"ன்னேன்.

அவ அத நம்பி, என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. ஹட்டன்ல பஸ் மாறுற வரைக்கும் நான் அசையாம உக்காந்திருந்தேன்.