டிரெய்லர் பேட்டரிக்கு வந்து சேராத ரெண்டு வோல்ட்

நானும் கணவரும் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்தவர்கள். அவருக்குச் சாகணில் கார்த் தொழிற்சாலை வேலை, அதுவும் சீட் பிரிவில். நான் கோந்த்வாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ரொம்ப நாள் ஆசைப்பட்டு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன டிரெய்லர் ஒன்று வாங்கினோம். உள்ளே படுக்கை, ஃபேன், குட்டி ஃபிரிட்ஜ். எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடும். காரை ஓட்டினாலே வயர் வழியாக அது சார்ஜ் ஆகிவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

முதல் பயணம் கொங்கண் கடற்கரைக்கு. ஐந்து மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால் ஃபேன் அசையவில்லை. ஃபிரிட்ஜுக்குள் தோசை மாவு பொங்கி, கதவிடுக்கில் வழிந்திருந்தது.

ஊர் திரும்பியதும், புனேவின் கேம்ப் பகுதியில் கடை வைத்திருந்த மெக்கானிக், "மேடம், பேட்டரி கயா. நயா டால்தோ" என்றார்.

"பேட்டரி போச்சாம். புதுசே போட்டரலாம், உடு" என்றார் கணவர். போட்டோம். அடுத்த பயணத்திலும் அதே கதைதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஞாயிறு காலை, அடுக்ககத்தின் பார்க்கிங்கில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். "ஏனுங்க, இஞ்சினை ஓட விடுங்க. ஃபிரிட்ஜும் ஓடட்டும்."

கார் பேட்டரியில் 14.2 வோல்ட். டிரெய்லர் பேட்டரியில் வெறும் 12.3.

"ரெண்டு வோல்ட்டு வழியிலயே போயிருச்சுங்க."

தரையில் படுத்து வயரைத் தொட்டுப் பார்த்தேன். காரின் முன்னாலிருந்து டிரெய்லர் வரை அவ்வளவு நீளத்துக்கும் நூல் மாதிரி மெல்லிய வயர். பேட்டரி நிரம்பத் தேவையான மின்னழுத்தத்தை அதுவே தின்றுகொண்டிருந்தது.

விரல் தடிமனில் செம்புக் கேபிள் வாங்கிக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போனேன். இவ்வளவு தடிமனா, வெல்டிங் மெஷினுக்கா என்று அவர் சிரித்தார். "இத்னா மோட்டா? வெல்டிங் மஷின் ஹை க்யா?"

"ஆப் லகாவோ, பாவூ" என்று மாட்டச் சொன்னேன்.

இரண்டு முனையிலும் ஃபியூஸ் வைத்து மாட்டினார். இஞ்சின் ஓடியது. டிரெய்லர் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 13.5. கொஞ்ச நேரத்தில் 13.8. மெக்கானிக் மீட்டரைப் பிடுங்கி, தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு டீ வரவழைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கடற்கரையில் இறங்கினோம். டிரெய்லர் கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுழன்றது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் கையில் ஒட்டுகிற அளவுக்குச் சில்லென்றிருந்தது. "ஜெயிச்சுட்டே, டீச்சரு!" என்று கணவர் மணலில் நின்று கத்தினார்.

உடனே கோவையிலிருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போட்டேன்.

"அக்கா, ஃபேன் சுத்தறதைக் காட்டவா கூப்பிட்ட?"

"ஆமாடி. நல்லாப் பாரு."